ஐ.எஸ்.ஓ. 14001 லீட் ஆடிட்டர் படிப்பு: சாயப்பட்டறை வேலையில் எனக்கு எந்த அளவுக்கு உதவியது?

திருப்பூரில் வேதியியல் படித்தவருக்குச் சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை கிடைப்பது கஷ்டமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்ற விதியோடு யாரும் விளையாட முடியாது. ஆனால் ஷிப்ட் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தவர் பல வருஷம் கழித்தும் ஷிப்ட் கெமிஸ்ட்டாகவே இருப்பார். டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருளின் அளவு), ஆர்.ஓ. பிரஷர், கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் அத்துப்படியாக இருந்தாலும், துணி வாங்கும் பையரின் ஆடிட்டர் வரும்போது பேச வேறு ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நிலையில்தான், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 தரநிலையை வைத்து நிறுவனங்களை ஆடிட் செய்யக் கற்றுத்தரும் இந்தப் படிப்பில் நான் சேர்ந்தேன்.

அப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வளைகுடா போகிற எண்ணம் இருந்தால் நெபோஷ் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பின் சுற்றுச்சூழல் சான்றிதழ். அங்கே கட்டுமானம், எண்ணெய் நிறுவனங்களில் நெபோஷ் என்ற பெயருக்கு மதிப்பு உண்டு. இக்னோவின் தொலைநிலை முதுநிலை டிப்ளமாவில் சட்டம், சூழலியல் எல்லாம் ஆழமாகப் படிக்கலாம், ஆனால் காலம் பிடிக்கும். நான் ஊரிலேயே இருக்க நினைத்தேன். இங்கே வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பது ஐ.எஸ்.ஓ.வும், ஆடைத் தொழிலின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை அளக்கும் ஹிக் இன்டெக்ஸும்தான். நம் சான்றிதழ் யார் மேஜைக்குப் போகப்போகிறது என்று முதலில் பாருங்கள், படிப்பின் பெயரை அப்புறம் பார்க்கலாம்.

வகுப்பு ஐந்து நாள். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன், ஆடிட்டில் காணும் குறையை எழுதக் கற்றதுதான். 'உப்பு மூட்டைகள் சரியாக வைக்கப்படவில்லை' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. எந்தக் கொட்டகை, தரையில் என்ன பார்த்தீர்கள், நிறுவனத்தின் எந்த நடைமுறை அதைத் தடுத்திருக்க வேண்டும், தரநிலையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று நான்கும் இருக்க வேண்டும். எவாப்பரேட்டரிலிருந்து வரும் கலப்பு உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். அதை நான் தினமும் பார்த்தவன்தான். ஆனாலும் அது 6.1.2-இல் வரும் சுற்றுச்சூழல் அம்சமா, 8.2-இல் வரும் அவசரநிலைத் தயார்நிலையா, 9.1.2-இல் வரும் சட்ட இணக்க மதிப்பீடா என்று பிரித்துப் பார்க்க அங்கேதான் பழகினேன். வேலைக்குத் திரும்பியதும் என் ஷிப்ட் லாக்புக்கில் எழுதும் விதமே மாறிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிக்கு அனுப்பும் விளக்கக் கடிதத்தையும் என்னிடமே எழுதச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் உடனே ஏறவில்லை. அடுத்த நிறுவனத்துக்கு மாறியபோதுதான் நல்ல உயர்வு கிடைத்தது.

ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் வாங்கியவுடன் நீங்கள் ஆடிட்டர் ஆகிவிட மாட்டீர்கள். பதிவுபெற்ற ஆடிட்டராக வேலை அனுபவமும் ஆடிட் செய்த அனுபவமும் தனியாகக் காட்ட வேண்டும். கல்லூரி முடித்த கையோடு, பட்டறை வாசலையே மிதிக்காமல் இதைப் படிக்க வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேர்காணலில் "ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு) எங்கே அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டால் திணறிவிடுகிறார்கள். இரண்டு வருஷமாவது பிளான்டில் நின்றுவிட்டு வந்தால் அதே ஐந்து நாளில் பல மடங்கு கற்கலாம்.

பயிற்சி நிறுவனங்களின் தரம் ஒன்றுபோல் இல்லை. ஆடிட்டர் பயிற்சிகளை அங்கீகரிக்கும் சி.க்யூ.ஐ. ஐ.ஆர்.சி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட வகுப்புக்கே இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 14001-இன் 2015 பதிப்பில் 2024-ஆம் ஆண்டு காலநிலை மாற்றம் பற்றிய திருத்தம் சேர்ந்தது. அதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், பழைய ஸ்லைடையே ஓட்டுகிறாரா என்று தெரிந்துவிடும். நான் எழுதிய தேர்வு ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம், நீளமான கட்டுரை எதுவும் கேட்பதில்லை. குறை எழுதும் அந்த நான்கு வரியை உங்கள் பிளான்டையே வைத்துத் தினமும் ஒன்று எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.