பதற்றத்துக்கு எந்தச் சிகிச்சை? ஹிப்னோதெரபியும் அதன் மாற்று வழிகளும்

பதற்றக் கோளாறு என்று கண்டறியப்பட்ட ஒருவர் முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. மனநல மருத்துவர் தரும் மாத்திரை ஒன்று. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துச் சீர்செய்யும் சிபிடி என்னும் உளவியல் சிகிச்சை இன்னொன்று. மூன்றாவதான, ஹிப்னாஸிஸ் என்னும் அறிதுயில் நிலையில் தரப்படும் ஹிப்னோதெரபியைப் பெரும்பாலும் மருத்துவர் சொல்வதில்லை. உறவினர் ஒருவரோ விளம்பரம் ஒன்றோதான் சொல்கிறது. இதனாலேயே அதைப்பற்றி மிகையான நம்பிக்கையும் மிகையான ஏளனமும் ஒரே அளவில் உலவுகின்றன. கிடைக்கும் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இரண்டுக்குமே இடமில்லை என்பது என் கருத்து. நாள்பட்ட பதற்றத்தில் ஹிப்னோதெரபி துணைக்கு வரவேண்டியது, தலைமை ஏற்கவேண்டியதன்று. ஆனால் குறித்த நேரத்தில் நடக்கப்போகும் ஒரு நிகழ்வைப் பற்றிய அச்சத்தில் அதுவே மற்ற இரண்டையும் முந்திக்கொள்கிறது.

முதலில், ஹிப்னோதெரபி அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகளையே கேட்பார்: பதற்றம் எப்போது வருகிறது, உடலில் எங்கே தொடங்குகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள் என்று. அதன்பின் ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் செய்து, "தோள்கள் தளர்கின்றன, வலது கை லேசாகிக்கொண்டே வருகிறது" என்பதுபோல அமைதியான குரலில் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவார். கவனம் ஒருமுகப்பட்டபின், அஞ்சும் சூழலைக் கற்பனையில் கொண்டுவந்து, அதனுள் உடல் அமைதியாக இருப்பதை அனுபவிக்கச் செய்வார். நோயாளி தூங்குவதில்லை, சொல்வது காதில் விழுகிறது, வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். கவனம் குவிந்து, சுற்றுப்புற உணர்வு குறைந்து, பரிந்துரைகளுக்கு இணங்கும் திறன் கூடியிருக்கும் நிலை என்றே அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாஸிஸ் பிரிவு 2014இல் இதை வரையறுத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பீகல் குழுவினர் 57 பேரின் மூளையைப் படமெடுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்னாஸிஸுக்கு எளிதில் ஆட்படுவோர் அந்நிலையில் இருக்கும்போது, எது முக்கியம், எது கவலைக்குரியது என்று கண்காணிக்கும் மூளைப்பகுதி ஒன்றின் செயல்பாடு குறைந்திருந்தது. பதற்றக்காரருக்கு ஓயாமல் வேலைசெய்வது இந்தக் கண்காணிப்புதான் என்பதால், ஹிப்னோதெரபி அவருக்கு உதவக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஹிப்னாஸிஸுக்கு ஆட்படும் திறன் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. 1959இல் வைட்சென்ஹோஃபரும் ஹில்கார்டும் உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் வந்தது முதல் தொடர்ந்து தெரியவந்திருப்பது, சிறு பகுதியினர் மிக எளிதில் ஆட்படுகிறார்கள், வேறொரு சிறு பகுதியினர் ஏறக்குறைய ஆட்படுவதே இல்லை, மற்றவர்கள் நடுவில் இருக்கிறார்கள் என்பதுதான். இதை நோயாளியின் மன உறுதியோடு முடிச்சுப்போடுவது தவறு. "நீங்கள் ஒத்துழைக்கவில்லை" என்று சிகிச்சையாளர் பழியை நோயாளிமேல் போடுவதை நான் சிறிதும் ஏற்கவில்லை.

சிபிடி நடக்கும் விதமே வேறு. பேருந்தில் ஒருமுறை நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்று தோன்றிய பேனிக் அட்டாக்குக்குப் பின் பேருந்தையே தவிர்க்கத் தொடங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிபிடி சிகிச்சையாளர் அவரைத் தளர்த்துவதில் அதிக நேரம் செலவிடுவதில்லை. அச்சங்களை ஏணிபோல வரிசைப்படுத்தச் சொல்வார்: நிறுத்தத்தில் நிற்பது, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு நிறுத்தம் பயணம் செய்வது, பின் மூன்று நிறுத்தம், கடைசியில் காலை நெரிசலில் சன்னலிலிருந்து விலகி நின்றபடி போவது. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரட்டும் என்று விட்டு, அது தானாக ஏறி, தானாக இறங்குவதைக் கண்ணாரக் காணச் செய்வார். சிலரை அறையிலேயே வேகமாக மூச்சுவிடச் சொல்லி அதே தலைச்சுற்றலை வரவழைத்து, அதனால் ஆபத்து எதுவும் நேரவில்லை என்று காட்டுவதும் உண்டு. பதற்றத்தை நிலைக்கவைப்பது தவிர்த்தல்தான். தப்பித்த ஒவ்வொரு முறையும், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை அழிக்க, தப்பிக்காமல் இருந்து பார்ப்பதைவிட வலுவான வழி இதுவரை கிடைக்கவில்லை.

இங்கேதான் இரண்டும் அடிப்படையில் பிரிகின்றன. நாற்காலியில் சாய்ந்திருந்து, கற்பனையில் அமைதியாகப் பயணம் செய்தவர், உண்மைப் பேருந்தில் ஏறாதவரை அந்த அமைதி அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நல்ல ஹிப்னோதெரபிஸ்டுகள் இதை அறிந்தே, கற்பனை ஒத்திகைக்குப் பின் உண்மைச் சூழலுக்குள் நோயாளியை அனுப்புகிறார்கள். அதாவது, அவர்கள் சிபிடியின் உள்ளடக்கத்தையே கடன் வாங்குகிறார்கள். அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை 1958இல் முன்வைத்த ஜோசஃப் வோல்ப் தம் தொடக்ககாலச் சிகிச்சைகளில் நோயாளியைத் தளர்த்த ஹிப்னாஸிஸையே பயன்படுத்தினார் என்பதால், இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதுமல்ல.

ஆய்வுகளுக்கு வருவோம். 2007இல் கோயெல்லோ, கான்டர், எர்ன்ஸ்ட் ஆகியோர் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து, பதற்றத்துக்கு ஹிப்னாஸிஸைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள். 2019இல் வேலன்டைனும் மில்லிங் முதலியோரும் 15 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது படம் மாறியது: ஹிப்னாஸிஸ் பெற்ற சராசரி நபர், சிகிச்சை முடிவில், ஒப்பீட்டுக் குழுவினரில் சுமார் 79 சதவீதத்தினரைவிட அதிகமாகப் பதற்றம் தணிந்தவராக இருந்தார். இந்த எண்ணை விளம்பரங்களில் '79 சதவீதம் குணம்' என்று திரிப்பதை யாரும் நம்ப வேண்டாம். அது குணமானவர்களின் கணக்கே அல்ல. மேலும் அந்த ஒப்பீடு நடந்தது ஹிப்னாஸிஸ் பெறாத குழுக்களோடு. சிபிடியை நேரெதிரே நிறுத்திப் பெற்ற வெற்றியாக அதைக் கொள்ள முடியாது. அளக்கப்பட்டவற்றுள் பல, மருத்துவச் சூழல் முதலியவற்றில் எழும் பதற்றங்கள். அதே தொகுப்பு சொன்ன இன்னொரு முடிவையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்: ஹிப்னாஸிஸைத் தனியாகத் தந்ததைவிட, வேறு உளவியல் சிகிச்சையோடு சேர்த்துத் தந்தபோது பலன் கூடுதலாக இருந்தது.

சேர்த்துத் தந்தால் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ரிச்சர்டு பிரையன்ட் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. விபத்து, தாக்குதல் போன்றவற்றுக்குப்பின் கடும் மன அதிர்ச்சியில் இருந்த 87 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிபிடி, இன்னொன்றுக்கு ஹிப்னாஸிஸ் சேர்த்த சிபிடி, மற்றொன்றுக்கு ஆறுதல் ஆலோசனை மட்டும் தந்தார்கள். முதல் இரண்டும் ஆலோசனையைத் தெளிவாக வென்றன. ஹிப்னாஸிஸ் சேர்த்த குழுவில், நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வருகிற தொல்லை சிகிச்சை முடிவில் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதோ இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். நோயாளி சீக்கிரம் ஆறுதல் பெறுவதும் ஒரு நன்மையே, குறிப்பாக இரவில் உறங்க முடியாதவருக்கு. ஆனால் நீண்டகாலப் பலனைச் சுமந்தது சிபிடி.

நாள்பட்ட பொதுப் பதற்றத்துக்கு, சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011இல் தந்த வழிகாட்டியில் சிபிடி, செயல்முறைத் தளர்வுப் பயிற்சி, மாத்திரை ஆகியவை இடம்பெறுகின்றன; ஹிப்னோதெரபி இல்லை. இவற்றுள் அதிகம் பேசப்படாதது தளர்வுப் பயிற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1987இல் விவரித்த இம்முறையில், தசைகளை இறுக்கித் தளர்த்துவதில் தொடங்கி, வாரங்கள் செல்லச்செல்ல அரை நிமிடத்துக்குள், நின்றபடியோ நடந்தபடியோ தளரக் கற்றுக்கொண்டு, பதற்றத்தின் முதல் அறிகுறி தெரிந்தவுடன் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹிப்னோதெரபியை நாடுவோர் உண்மையில் தேடுவது இதைத்தான் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆட்படும் திறன் பற்றிய கேள்வியும் இங்கே எழுவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் இரண்டுக்கும் பொது: சிலருக்கு உடல் தளரத் தொடங்குவதே, பிடி நழுவுகிற உணர்வைத் தந்து பதற்றத்தைக் கூட்டிவிடும். அப்படிப்பட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை.

மாத்திரைகளோடு ஒப்பிடுவது எளிது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்; தொடக்கத்தில் குமட்டலும் சிறிது கூடுதல் படபடப்பும், சிலருக்குப் பாலியல் ஈடுபாட்டில் குறைவும் நேரலாம்; நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும். அல்பிரசோலாம் வகை மாத்திரை பதற்றத்தை மிக விரைவாக அடக்கிவிடும் என்பதே அதன் ஆபத்து. பழக்கமாகிவிடுவதால் குறுகிய காலத்துக்கே அது பொருந்தும். வேலைக்கே போக முடியாத அளவுக்குப் பதற்றமோ, அதோடு மனச்சோர்வோ இருந்தால் மாத்திரைதான் முதலில். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் ஹிப்னோதெரபியைச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் சேர்ப்பேன் என்று சொல்லும் சிகிச்சையாளரிடம் போகவே வேண்டாம்.

ஹிப்னாஸிஸ் உண்மையிலேயே முன்னிற்கும் இடம் மருத்துவமனைக்குள் இருக்கிறது. எல்விரா லாங் குழுவினர் 2000இல் வெளியிட்ட சோதனையில், மயக்கமின்றி விழித்திருக்கும் நிலையில் இரத்தக்குழாய், சிறுநீரகச் செயல்முறைகளுக்கு உள்ளான 241 பேர் பங்கேற்றனர். சுய ஹிப்னாஸிஸ் வழிகாட்டல் பெற்றவர்களுக்குப் பதற்றமும் வலிமருந்துத் தேவையும் குறைந்ததோடு, வழக்கமான கவனிப்பில் 78 நிமிடம் பிடித்த செயல்முறை 61 நிமிடத்தில் முடிந்தது. மார்பக அறுவைச் சிகிச்சைக்குச் சற்றுமுன் 15 நிமிட ஹிப்னாஸிஸ் தந்து, 200 பெண்களிடம் மாண்ட்கோமரி குழுவினர் நடத்திய 2007ஆம் ஆண்டுச் சோதனையிலும் அதைப் பெற்றவர்களுக்கு வலியும் குமட்டலும் மனவேதனையும் குறைந்தன. நாளை காலை எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுக்கவேண்டியவருக்கு எட்டு வாரச் சிபிடிக்கு நேரமில்லை. மயக்க மருந்து தந்தால் மூச்சைக் கண்காணிக்கவும் வீட்டுக்கு அழைத்துப்போகவும் ஆள் வேண்டும். இத்தகைய இடங்களில் ஹிப்னாஸிஸ் இன்னும் நம் மருத்துவமனைகளில் வழக்கமாகவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். பதற்றத்தோடு பின்னிக்கிடக்கும் குடல் எரிச்சல் நோயிலும் இதன் சான்று வலுவானது: மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இல் 30 பேரிடம் செய்த சோதனையில் தொடங்கி, மருந்துக்கு ஓராண்டாகியும் கட்டுப்படாதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் பரிசீலிக்கலாம் என்று 2008இல் நைஸ் ஏற்றுக்கொண்டதுவரை அது வளர்ந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான இடம், பதற்றத்தின் காரணத்தை முற்பிறவியிலோ மறந்துபோன குழந்தைப்பருவத்திலோ தேடுகிற அமர்வுகள். ஹிப்னாஸிஸில் வெளிவரும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பகமானவை அல்ல, அவற்றில் கற்பனை கலந்துவிடும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு 1985லேயே எச்சரித்தது. நடக்காத கொடுமை ஒன்றை நடந்ததாக நம்பி, பெற்றோரோடு உறவை முறித்துக்கொள்ளும் நிலை வந்தால், பழைய பதற்றத்தோடு புதிய துயரமும் சேர்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. பதற்றம்போலவே தோன்றும் தைராய்டு மிகைச் சுரப்பையும் இதயத்துடிப்புக் கோளாறையும் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி மூலம் விலக்காமல் எந்தச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது.

கிடைப்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் ஆலோசனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிபிடி தெரிந்த உளவியலாளர்கள் பெருநகரங்களுக்கு வெளியே அரிது. ஹிப்னோதெரபிஸ்டு என்று பலகை மாட்டுவதோ எளிது. சில நாள் வகுப்புச் சான்றிதழே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. எனவே ஹிப்னோதெரபியைத் தேர்ந்தெடுப்பவர், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரோ மனநல மருத்துவரோ அதைத் தருகிறாரா என்று முதலில் கேட்கவேண்டும்.

எந்த வழியில் சென்றாலும், தொடங்கும் நாளிலேயே பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்னும் ஏழு கேள்விப் படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்துவைக்கச் சொல்வேன். 0 முதல் 21 வரை போகும் அந்த அளவில் 10ஓ அதற்கு மேலோ வந்தால் அது கவனிக்கவேண்டிய பதற்றம். ஹிப்னோதெரபியில் நான்கைந்து அமர்வுகள் முடிந்தபின் அதே படிவத்தை மீண்டும் நிரப்புங்கள். எண் இறங்கியிருந்து, தவிர்த்துவந்த இடங்களுக்கும் போகத் தொடங்கியிருந்தால் தொடரலாம். அமர்வு நாளன்று மட்டும் நிம்மதியாக இருந்து, எண் அப்படியே நின்றிருந்தால், அடுத்த கட்டணத்தைச் சிபிடிக்குச் செலவிடுங்கள்.