சூடோ செஷன் லொக்கை வேறு சேர்வருக்கு அனுப்புவது: லைன் அறுந்தால் என்ன ஆகும்?

சேர்வரில் யார் என்ன கொமாண்ட் அடித்தார் என்பதை அதே சேர்வரில் எழுதி வைப்பதில் பெரிய பயன் இல்லை. ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆக உள்ளே போனவர் நினைத்தால் அந்தப் பதிவையும் சேர்த்து அழித்துவிடலாம், அதனால் உடனுக்குடன் வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிட வேண்டும், சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கரண்ட் போகாத, லைன் அறாத இடத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். எங்களுடையது மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன ஒபிஸ். கணக்கு, ஸ்டொக், தராசு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிக்கிறோம். சேர்வர்கள் இருப்பது சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் கல்முனை, வாழைச்சேனைக் கடைகளிலும். பாதி இடங்களில் இணைப்பு என்பது ஜன்னல் ஓரத்தில் வைத்த ஒரு 4ஜி ரவுட்டர்.

முதலில் மலிவான வழியில் போனோம். பாஷ் ஷெல்லின் (கொமாண்ட் அடிக்கும் இடம்) ப்ராம்ப்ட் கொமாண்ட் என்ற மாறிக்குள் லொகர் என்ற கொமாண்டை வைத்து, அடிக்கிற ஒவ்வொரு வரியையும் சிஸ்லொக்குக்குத் (மெஷினின் பொதுப் பதிவு) தள்ளி, அங்கிருந்து ஆர்சிஸ்லொக் மென்பொருள் மூலம் கல்லடிக்கு அனுப்புவது. இதில் கவனிக்க வேண்டியது கியூ, அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசை, ஒன்றுதான். கியூவுக்கு ஒரு ஃபைல் பெயர் கொடுத்து, மறுமுயற்சியை -1 (விடாமல் முயற்சி செய்) என்று வைத்து, ஷட்டவுனில் சேமிக்கவும் சொல்லிவிட்டால், லைன் இல்லாத நேரத்து வரிகள் டிஸ்க்கில் காத்திருந்து பிறகு வந்து சேரும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது இந்த அமைப்பு தாக்குப்பிடித்தது. ஆனால் வெறும் டிசிபியில் அனுப்பினால் லைன் அறுகிற அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த சில வரிகள் காணாமல் போகும், போனது தெரியவும் தெரியாது. ரெல்ப் நெறிமுறை ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் இருந்து ஒப்புதல் வாங்குவதால் அதற்கு மாறினோம். இன்னொன்று, பழைய சிஸ்லொக் நேர வடிவத்தில் வருடமும் இல்லை, நேர வலயமும் இல்லை. இரவு முழுக்கக் காத்திருந்த வரி காலையில் வந்து சேரும்போது எது நடந்த நேரம், எது வந்த நேரம் என்று குழம்பும், ஆகவே இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

ஓட்டையும் இதில் நிறைய. அந்த மாறியை அன்செட் செய்தால் பதிவு நின்றுவிடும், பாஷை விட்டு வேறு ஷெல்லுக்குப் போனாலும் வராது, விம் எடிட்டருக்குள் இருந்து ஓட்டும் கொமாண்டும் வராது. கள்ளத்தனம் பண்ணுகிறவனை இது பிடிக்காது. நேர்மையானவனுக்கு ஞாபகப்படுத்த உதவும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் சூடோ, அதாவது சாதாரணக் கணக்கில் இருந்தே ஒரு கொமாண்டை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கருவி. 2020 இல் வந்த 1.9 பதிப்பில் இருந்து சூடோவுக்கென்றே ஒரு லொக் சேர்வர் இருக்கிறது, பெயர் சூடோ லொக்சர்வ்டி, போர்ட் 30343, டிஎல்எஸ் (குறியாக்கம்) என்றால் 30344. நாங்கள் ஏற்கெனவே குறியாக்கம் செய்யும் வயர்கார்ட் சுரங்கத்துக்குள் அனுப்புவதால் முதலாவதே போதும். யார், எப்போது, எந்தக் கொமாண்ட் என்பதோடு திரையில் ஓடியதையும் அப்படியே சேமித்து, சூடோரீப்ளே என்ற கருவியில் வேகம் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்புட், அவுட்புட் பதிவை லொக் சேர்வருக்குத் திருப்பினால் அது உள்ளூரில் சேமிக்கப்படாது. சேர்வரை எட்ட முடியாவிட்டால், மாற்றிச் சொல்லாதவரைக்கும், கொமாண்டையே ஓட விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் ஓடுகிறதையும் நிறுத்திவிடும். ஒரு வங்கிக்கு இது சரியாக இருக்கலாம். போடியார்மார் (பெரிய வயற்காரர்) நெல் லொறிகளோடு தராசடியில் வரிசையில் நிற்கிற மாசி மாதத்தில், கல்லடியில் கரண்ட் இல்லை என்பதற்காகச் சம்மாந்துறைச் சேர்வரை ரீஸ்டார்ட் பண்ண ஏலாது என்று ஆலைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

பிழையைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ஒரு ஒப்ஷனும் இருக்கிறது. அதைப் போட்டால் கொமாண்ட் ஓடும், ஆனால் லைன் இல்லாத நேரத்துப் பதிவு இருக்காது. நமக்குப் பதிவு அதிகம் தேவைப்படுவதே அந்த மாதிரி நேரத்தில்தான். 2021 இல் வந்த 1.9.7 இதற்கு வழி செய்தது. அதே சேர்வரில் ஒரு சின்ன லொக்சர்வ்டியை ரிலேயாக ஓடவிட்டு, முதலில் சேமி, பிறகு அனுப்பு என்று சொல்லலாம். சூடோவுக்குப் பக்கத்திலேயே ஆள் இருப்பதால் அது மறுக்காது, ரிலே தன்பாட்டில் கல்லடிக்கு அனுப்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். உபுண்டு லினக்ஸ் 22.04 இல் சூடோ 1.9.9 வருவதால் நாங்கள் அதற்கு மாறிய பிறகு இதைச் செய்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறையில் ஒரு குரங்கால் வந்தது என்று சொல்லப்பட்ட அந்த நாடளாவிய இருட்டடிப்பில், ஆலைகள் ஜெனரேட்டரில் ஓடின, எங்கள் ஒபிஸ் யூபிஎஸ் செத்துக் கிடந்தது. மாலையில் எல்லாப் பதிவும் வந்து சேர்ந்தது. ஆனால் அனுப்பும்வரை பதிவு அந்த மெஷினிலேயே கிடக்கிறது, அந்த இடைவெளியில் ரூட் ஆக இருப்பவர் அழிக்கலாம். தெரிந்துதான் எடுத்த முடிவு இது. எங்களிடம் இருப்பது வெளிக் கள்ளன் பிரச்சினையை விட "யார் செய்தது" பிரச்சினைதான்.

டேட்டா பக்கேஜ் விஷயத்தையும் யாரும் சொல்வதில்லை. அவுட்புட் பதிவு என்றால் திரையில் தெரிவது மட்டும் இல்லை, ஃபைலுக்குத் திருப்பிவிட்டதும் பதிவாகும். சூடோ போட்டு டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து ஃபைலில் போட்டால் அந்தப் பேக்கப் முழுதும் லொக்காக 4ஜி வழியாகக் கல்லடிக்குக் கிளம்பும். அதில் வாடிக்கையாளரின் கணக்கு வேறு. மைசீக்குவல் டம்ப், ஆர்சிங்க் மாதிரி டேட்டாவை மொத்தமாக நகர்த்தும் கொமாண்டுகளுக்குப் பதிவைத் தனித்தனியாக நிறுத்தி வையுங்கள்.

இன்புட் பதிவைப் போடவே வேண்டாம். திரையில் தெரியாமல் அடிக்கிற பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தாக விழும். 1.9.10 இல் இருந்து பாஸ்வேர்ட் கேட்கும் வரியை அடையாளம் கண்டு நட்சத்திரமாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது இயல்பாகத் தேடுவது ஆங்கிலச் சொல்லை. எங்கள் தராசு மென்பொருள் "கடவுச்சொல்லைத் தருக" என்றுதான் கேட்கும்! அடிப்பது எப்படியும் திரையில் திரும்பத் தெரிவதால் அவுட்புட் மட்டும் போதும்.

ரீப்ளேயை நாங்கள் அபூர்வமாகத்தான் திறக்கிறோம். தினமும் பயன்படுவது 1.9.8 இல் வந்த துணைக் கொமாண்ட் பதிவு. ரூட் ஷெல்லுக்குள்ளோ விம்முக்குள்ளோ போய் ஓட்டியதையும் வரிவரியாகத் தரும், கிரெப்பில் தேடலாம். ஷெல்லின் உள் கொமாண்டுகள் அதில் வராது, எக்கோவால் ஒரு ஃபைலை அழித்து எழுதினால் தடயம் இல்லை. அப்போதுதான் ரீப்ளே.

தொடங்கியபோது பொடியன்மாருக்குப் பிடிக்கவில்லை. "எங்கள நம்பல்லயா அண்ணன்?" என்று நேராகவே கேட்டார்கள். பொது அட்மின் கணக்கை எடுத்துவிட்டு ஆளுக்கொரு கணக்கு கொடுத்ததும், அவரவர் செஷனை அவரவரே பார்க்க அனுமதித்ததும் கொஞ்சம் ஆற்றியது. முழுக்க ஆற்றியது ஒரு ஆலை மனேஜரின் கோல். "தம்பி, உங்கட பொடியன் ராத்திரி உள்ளுக்கு வந்து ஏதோ செஞ்சிருக்கான், கணக்கெல்லாம் நிண்டு போச்சு" என்றார். பதிவில் அவன் செய்திருந்தது டிஸ்க் நிறைந்ததைப் பார்த்துவிட்டு ஒரு சேவையை ரீஸ்டார்ட் பண்ணியது மட்டும். நிறைத்தது ஆலையில் யாரோ கொப்பி பண்ணிய கல்யாண வீடியோ.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: உபுண்டு 25.10 இல் இயல்பாக வருவது ரஸ்ட் மொழியில் எழுதிய சூடோ-ஆர்எஸ். அதில் இந்த இன்புட் அவுட்புட் பதிவு இல்லை. பழைய சூடோவும் கிடைக்கிறது, அதற்கு மாற்றிவிட்டுத்தான் மேலே சொன்ன சூடோ பதிவு எதையும் செய்ய முடியும். எங்கள் 22.04 மெஷின்களுக்கு 2027 வரை அப்டேட் இருப்பதால் அதுவரை கை வைப்பதாக இல்லை.