ட்வைனிங்ஸும் லிப்டனும்: இரண்டு தேயிலைப் பெயர்கள் பிறந்த விதம்

இரண்டையும் தொடங்கியவர் பெயர் தாமஸ்தான். ஆனால் போன வழி வேறு.

தாமஸ் ட்வைனிங் 1706இல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு காப்பிக் கடையை வாங்கி, தேநீரும் விற்கத் தொடங்கினார். அன்று தேயிலை வசதியானவர்கள் வீட்டுப் பொருள். வரி அப்படி. கடத்தலும் பெருகியது. அவர் பேரன் ரிச்சர்ட், பிரதமர் பிட்டிடம் வாதாடினார். 1784இல் வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. எனக்கு ட்வைனிங்ஸ் கதையில் பிடித்த இடம் இதுதான். அதே தெருவில் கடை இன்றும் இருக்கிறது.

லிப்டன் இதற்கு ஏறக்குறைய 165 ஆண்டுகள் இளையது. கிளாஸ்கோவில் 1871இல் மளிகைக் கடை திறந்த தாமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டங்களையே வாங்கிவிட்டார். இலைத்துரு நோயில் அங்கே காப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்த காலம் அது. இடைத்தரகர் இல்லை, சிறு பொட்டலம், குறைந்த விலை. சாதாரணத் தொழிலாளியும் வாங்க முடிந்தது.

பழமைக்கு ட்வைனிங்ஸ், பரவலுக்கு லிப்டன் என்பேன். ஆனால் அந்த மலிவு சும்மா வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போய் அப்புத்தளை மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்த நம் மக்கள் சொற்பக் கூலிக்கு உழைத்தார்கள். பொட்டலத்தில் லிப்டன் பெயர் மட்டும்தான் இருந்தது.