அமெரிக்கன் கல்லூரியா, தியாகராசர் கல்லூரியா: எதில் சீட் கஷ்டம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே மதுரை வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். அமெரிக்கன் பழைய கல்லூரி, அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பார் ஒருவர். தியாகராசரில் மார்க் இல்லாமல் உள்ளேயே போக முடியாது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நீங்கள் கேட்கிற பாடம் எய்டடா (அரசு உதவி பெறுவதா), செல்ஃப் பைனான்ஸா (சுயநிதியா)?

முதலில் வரலாறு. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பசுமலையில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது, 1909-இல் வைகைக்கு வடக்கே கோரிப்பாளையம் பக்கம் வந்தது. தியாகராசர் கல்லூரி சுதந்திரத்துக்குப் பின், 1949-இல், மீனாட்சி மில் கருமுத்து தியாகராசர் தெப்பக்குளத்தையொட்டிக் கட்டியது. ஏறக்குறைய எழுபது வருட இடைவெளி. ஆனாலும் தமிழ் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு இந்த வயதுக் கணக்கு உதவாது. தமிழறிஞர்கள் ஔவை துரைசாமியும் இலக்குவனாரும் பாடம் நடத்திய துறை தியாகராசருடையது. கவிஞர்கள் அப்துல் ரகுமானும் மீராவும் படித்து வந்ததும் அங்கேதான். அமெரிக்கனில் சாலமன் பாப்பையா தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் என்பதும் சின்ன விஷயம் இல்லை, ஆனால் தமிழுக்கென்றால் என் ஓட்டு தெப்பக்குளத்துக்கே.

இனி சீட் விஷயம், இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். எய்டட் பாடத்துக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு, இடங்களையும் நினைத்தபடி கூட்ட முடியாது, ஆகவே கூட்டம் அங்கேதான் மொய்க்கும். செல்ஃப் பைனான்ஸில் மாணவர் கட்டுகிற பணத்தில்தான் சம்பளம். இரண்டிலும் கிடைக்கிற பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம்தான். ஒரே வளாகத்தில் எய்டட் பி.காம். கிடைக்காமல் போன பையனுக்கு செல்ஃப் பைனான்ஸ் பி.காம். கிடைக்கலாம். அப்படியிருக்க, அந்தக் கல்லூரியில் சீட் கஷ்டம் என்று மொத்தமாகச் சொன்னால் என்ன அர்த்தம்?

இரண்டு கல்லூரிக்கும் நிஜமான வித்தியாசம் ஒதுக்கீட்டில் இருக்கிறது. தியாகராசரின் எய்டட் இடங்களுக்கு 69 சதவீத ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப்போட்டி, அதில் எல்லாச் சமூகத்தாரும் மார்க் அடிப்படையில் வரலாம். செலக்‌ஷன் லிஸ்ட் பார்க்கும்போது உங்கள் பிரிவின் கடைசி மார்க்கைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்கன் கிறிஸ்தவச் சிறுபான்மை நிறுவனம், அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவின் பாதுகாப்பு அதற்கு உண்டு, தன் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்று இடம் வைத்துக்கொள்ளலாம். 69 சதவீதக் கணக்கு அங்கே அப்படியே ஓடாது. ஆகவே ஒரே மார்க்கோடு ஒரு கிறிஸ்தவ மாணவிக்கும் ஒரு எம்.பி.சி. மாணவனுக்கும் இரண்டு வாசலும் ஒரே மாதிரி திறக்காது. இதை வைத்து எந்தக் கல்லூரியையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெற்றோருக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெண்பிள்ளை என்றால் இந்த இரண்டோடு நிறுத்த வேண்டாம். 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக், 1953-இல் வந்த பாத்திமா இரண்டும் மகளிர் கல்லூரிகள், இரண்டுக்கும் போடலாம்.

அப்ளிகேஷன் போடும்போது எய்டடுக்கும் செல்ஃப் பைனான்ஸுக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூப்பிட்ட இடத்தில் அவசரப்பட்டு டி.சி.யைக் கொடுத்துவிட்டால், பிறகு ஆசைப்பட்ட துறையிலிருந்து அழைப்பு வரும்போது அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.