எம்எக்ஸ்-5 இன்ஜின், செவன் வகை கிட் கார்: பல ஆண்டு ஓட்டத்தில் தெரிந்தவை

பிரிட்டனில் வீட்டு கராஜில் செவன் வகை கார் (லோட்டஸ் செவன் போன்ற, பாகங்களாக வாங்கி நாமே கட்டும் எடை குறைந்த திறந்த கார்) கட்டுபவர்கள் ஒரு காலத்தில் ஃபோர்ட் எஸ்கார்ட்டையும் சியராவையும் பிரித்தார்கள். அவை அரிதாகிவிட்டதால் டோனர் காராக, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய காராக, இப்போது அதிகம் வருவது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. பாடி துருப்பிடித்துப் போயிருக்கும், இன்ஜின் நன்றாக இருக்கும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், இரட்டை கேம், 16 வால்வு. டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. ஆரம்பகால 1.6 லிட்டர் இன்ஜின் 115 குதிரைத்திறன், 1.8 சுமார் 130. டோனர் காரின் எடை 950 கிலோவுக்கு மேல். கிட் கார் 600 சொச்சம்தான். அதனால் சாலையில் ஓட்டுவதற்கு 1.6 தாராளம்.

நீண்ட ஓட்டத்தில் இன்ஜினின் உள்பாகம் தொல்லை தருவது அபூர்வம். தொல்லையெல்லாம் அதைச் சுற்றி நாம் புதிதாகச் செய்த மவுண்ட், தண்ணீர்ப் பாதை, எர்த், ஒயரிங் ஆகியவற்றில்தான்.

வாங்கும்போது 1.6 என்றால் முதலில் கிராங்க் முனைக் கப்பியைப் பாருங்கள். 1991-க்கு முந்தைய பல இன்ஜின்களில் கிராங்கின் மூக்கு குட்டை. கப்பியின் மையத்தில் நான்கு வெட்டுகள் இருக்கும். பிந்தைய நீள மூக்கில் எட்டு. குட்டை மூக்கில் போல்ட் தளர்ந்தால் கப்பியைச் சுழலாமல் பிடிக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து, டைமிங் நகர்ந்து, கடைசியில் கிராங்கே வீண். எட்டு வெட்டு உள்ளதைத் தேடுவது நல்லது. கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு சிலிண்டருக்குள் வித்தியாசம் 2 பாருக்குள் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட் டிக் டிக் என்றால் விலை பேசலாம், ஓடிவிடத் தேவையில்லை.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் இரு பக்க சீல், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஹெட்டின் பின்புறம் கேம் முனையில் நிற்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கை மறக்கக் கூடாது. அது இறுகிப்போனால் எண்ணெய் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) மேல் வழியும். பின் சீல் போய்விட்டது என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கியவர்கள் நிறைய. வண்டிக்குள் வைத்தபின் அந்த ஓ-ரிங்கை மாற்ற பல்க்ஹெட் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) இடம் விடாது. இக்னிஷன் காயிலும் அங்கேயேதான் இருக்கிறது, அதற்கும் இடம் விட்டு அளவெடுங்கள்.

பொருத்துவதில் பெரிய சிக்கல் பவர் பிளான்ட் ஃபிரேம். எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினிய சட்டம் பிணைத்திருக்கும். கியர்பாக்ஸின் வாலுக்குத் தனி மவுண்ட் கிடையாது. டிஃபரன்ஷியலின் மூக்கையும் அந்தச் சட்டமே பிடிக்கிறது. அதைத் தக்கவைக்கும் கிட்டுகளில் கவலை இல்லை. குறுகிய டனல் (கியர்பாக்ஸ் உட்காரும் நடுப் பள்ளம்) உள்ள சேஸியில் அதைக் கழற்றினால் வாலுக்கு ரப்பர் வைத்த ஒரு தொட்டில், மூக்குக்குக் கனமான ஒரு பிராக்கெட், இரண்டுமே வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டிஃபரன்ஷியல் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். மெல்லிய தகட்டில் செய்த பிராக்கெட் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். 5 மி.மீ. தகடு, பக்கத்தில் முக்கோணத் தாங்கு, வருடம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது, இது போதும்.

மவுண்டை முதலில் டாக் (தற்காலிகச் சிறு வெல்டு) மட்டும் போடுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே, மூக்கைத் தூக்கி வாலைத் தாழ்த்தி டனலுக்குள் இறங்கும். கிரேனில் லெவலர் இல்லாமல் முயல வேண்டாம். உட்கார்ந்தபின் சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), பானெட், ஸ்டியரிங் தண்டு, பெடல் பெட்டி எல்லாவற்றுக்கும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், ரப்பர் மேல் இன்ஜின் அவ்வளவு ஆடும். கியர்பாக்ஸ் தண்டும் டிஃபரன்ஷியல் தண்டும் இணையாக, ஒவ்வொரு யுஜே-யிலும் (யுனிவர்சல் ஜாயின்ட்) கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். இணையாக இல்லையென்றால் வேகத்தில் வண்டி அதிரும், யுஜே-யும் சீக்கிரம் போகும். வலது கை ஸ்டியரிங் வண்டிக்கு இந்த இன்ஜினில் ஒரு வசதி: எக்ஸாஸ்ட் இடது பக்கம், ஆகவே ஸ்டியரிங் தண்டு வேகாது. ஆனால் இடது மவுண்ட் ரப்பர் அந்தச் சூட்டில் முதலில் கெடும். நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு அவசியம்.

அடுத்தது தண்ணீர். இந்த இன்ஜின் குடும்பம் முன்சக்கர மாஸ்டாவிலிருந்து வந்தது. தெர்மோஸ்டாட் முன்னால் இருக்கிறது, பம்பும் முன்னால். நாலாவது சிலிண்டர்தான் அதிகம் சூடாகும். ஹெட்டின் பின்னாலிருந்து ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்தான் அங்கே ஓட்டம் தருகிறது. கிட் காரில் ஹீட்டர் எதற்கு என்று அந்தக் குழாயை அடைத்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் பின்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும். ஹோஸை வளைத்து பம்புக்குப் போகும் குழாயில் சேர்த்துவிடுங்கள். செவனின் மூக்கு தாழ்வு, ரேடியேட்டர் மூடி ஹெட்டைவிடக் கீழே இருக்கும். எனவே பல்க்ஹெட் உச்சியில் பிரஷர் மூடியுள்ள தனி எக்ஸ்பான்ஷன் டாங்க் வைத்து, அங்கிருந்து நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டில் காற்று அடைபடும். டெம்பரேச்சர் முள் ஏறி இறங்கி விளையாடும்.

எர்த். ரப்பர் மவுண்ட் இன்ஜினைச் சேஸியிலிருந்து மின்சாரத்துக்குப் பிரித்துவிடுகிறது. தடித்த எர்த் பட்டை விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிளிலும் கிளட்ச்சின் ஸ்டீல் பின்னல் ஹோஸிலும் வழி தேடும். கேபிள் இறுகினால், ஹோஸ் கருகினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஒயரிங்கில் டோனர் காரிலிருந்து கழற்றும் முன்பே ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் ஒட்டுங்கள். 1.6-இன் ஏர் ஃபுளோ மீட்டருக்குள்ளேயே பெட்ரோல் பம்ப் சுவிட்ச் இருக்கிறது. அந்த மீட்டரை நீக்கிவிட்டு வேறு ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போடுபவர்கள் பம்ப் ரிலேக்குத் தனி வழி செய்ய வேண்டும். ஒற்றை வயர் ஆக்சிஜன் சென்சாரை எக்ஸாஸ்டில் ரொம்பப் பின்னால் வைத்தால் ஐடிலில் ஆறிப்போய் வேலை செய்யாது. நான்கு குழாயும் சேரும் இடத்தை ஒட்டியே வையுங்கள். இக்னிஷன் டைமிங் பார்க்க டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈஎன், ஜிஎன்டி என்று குறித்த இரு முனைகளையும் ஒயரால் இணைத்து, நிமிடத்துக்கு 850 சுற்றில் 10 டிகிரி வர வேண்டும். இணைக்காமல் பார்த்தால் ஈசியு நகர்த்திக்கொண்டே இருக்கும், வரும் அளவு பொய்.

கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 எண்ணெய். ஜிஎல்-5 மட்டும் என்று எழுதிய டப்பா கியர் மாற்றத்தைச் சீராக்கும் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது இந்தக் காரின் பழைய வியாதி. டனலை மூடும் முன் புதிது போடுங்கள்.

சாலையில் ஓட்டப் பதிவு செய்யும் முன் பிரிட்டனில் நடக்கும் சோதனைக்கு: 2009 முதல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதில் ஐவிஏ சோதனை. எந்தப் புகை அளவு பொருந்தும் என்பது இன்ஜினின் வயதைப் பொறுத்தது. டோனரின் பதிவுப் பத்திரம், இன்ஜின் எண்ணோடு ரசீது, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். சத்தத்துக்கு எல்லை 99 டெசிபல். அதிக சக்தி தரும் சுற்றின் முக்கால் பங்கில் அளப்பார்கள். 6,500 சுற்றில் உச்ச சக்தி தரும் இன்ஜின் என்றால் 4,875. பக்கவாட்டுச் சைலன்சரின் உள்பஞ்சு சில வருடத்தில் எரிந்து சத்தம் கூடும், எனவே திறந்து மறுபடி அடைக்கக்கூடிய வகையாக, ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட்டதாக வாங்குங்கள்.