அசையாத சின்ன லிவர்: பழைய டீசல் ஃபோர் வீல் வண்டியோடு ஏழு வருடம்

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை தாண்டி எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகவேண்டும். தார்ச்சாலை முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. ஆனி, ஆடி மழையில் அது செம்மண் கூழ். இந்தப் பாதைக்காகத்தான் 2018-இல் கோயம்புத்தூரில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். 2013 மாடல், 2.5 லிட்டர் டீசல், ஏழு சீட், ஃபோர் வீல் டிரைவ் (தேவைப்படும்போது லிவர் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்). ஓடியது 92,000 கிலோமீட்டர், விலை 4,60,000 ரூபாய். இப்போது மீட்டரில் 1,78,000 காட்டுகிறது.

வாங்கப் போனபோது பெயின்ட் பார்த்தேன், சீட் பார்த்தேன், ஏ.சி. போட்டுப் பார்த்தேன். விற்றவர் பெருமையாகச் சொன்னார்: "ஃபோர் வீல் ஒரு தடவைகூடப் போட்டதில்லை சார், கார் மாதிரிதான் வச்சிருந்தேன்." கேட்டதும் எனக்கு அத்தனை சந்தோஷம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் வேண்டாம் என்று எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. பறித்த பச்சைக்காய் மூட்டைகளோடு இறங்கும்போது ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் சுழன்றன. கியர் லிவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் போட இருக்கும் சின்ன லிவரை இழுத்தால் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து எப்படியோ விழவைத்தேன். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது, முன்சக்கரம் அசையவில்லை. பச்சைக்காய் நேரத்துக்கு ஸ்டோரில் காய வைக்காவிட்டால் நிறம் போய்விடும், விலையும் போய்விடும். வேலைக்கு வந்த ஆறு பேரும் மூட்டையை இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது இரவு ஒன்பது. அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

போடியில் நான் போகும் மெக்கானிக் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. லிவரைப் போட்டதும் சக்கரத்தை ஆக்சிலோடு தானாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஹப் அது. அந்தப் பிசினில் பிடிக்கவே இல்லை. முன் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியரின் ஆயிலை வடித்தால் பால் கலந்த காப்பி நிறம், தண்ணீர் கலந்த அடையாளம். ஆக்சிலின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தது. சூடான ஆக்சில் தண்ணீருக்குள் இறங்கிக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வரவில்லை என்றால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். "ஓட்டுன வண்டியைச் சரி பண்ணிரலாம் தம்பி. ஓட்டாம வச்ச வண்டி இப்படித்தான்" என்றார் அவர். அந்த வேலைக்கு மட்டும் 38,000 ரூபாய்.

அதனால் ஃபோர் வீல் வண்டி பார்க்கப் போகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன். அளவாக மலையில் ஓடி, மாதம் ஒரு முறையாவது லிவர் போடப்பட்ட வண்டி, நகரத்தில் பளபளப்பாக நின்ற வண்டியைவிட நல்லது. விளக்கு எரிவதை நம்பாதீர்கள். மெக்கானிக் அண்ணன் எனக்குக் காட்டிய சோதனை இது. மண்தரையில் 4H, அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை, போட்டுக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டி நிறுத்துங்கள். லிவரை அப்படியே விட்டு, முதல் கியரில் இஞ்சினை அணைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றக்கூடாது. லேசாக ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஹப்போ ஆக்சிலோ பிடிக்கவில்லை. அடுத்த முன்சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள். லிவர் போட்டு ஓட்டும் இந்த மாதிரி வண்டிகளுக்கு இது போதும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு சரிவராது. அப்புறம் 4L, அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் வீல் நிலை. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்துத்தான் போட வேண்டும். முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமலே மேட்டில் ஊர்ந்து ஏற வேண்டும். இதையெல்லாம் காய்ந்த தார்ச்சாலையில் செய்யக்கூடாது. திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் உருளும். வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் கியர்ப்பெட்டிக்குள் போய்விடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

இஞ்சினைப் பார்க்கக் காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குளிரில் முதல் சில நொடி வெள்ளைப்புகை வந்து மறைந்தால் பயமில்லை. தொடர்ந்து வந்தால், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே காற்றுத் தள்ளுகிறது. ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். டீசல் இஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு பாட்டிலில் பிடித்துப் பார்க்கும் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. நான் இதைச் செய்யாமல் வாங்கி, இரண்டாம் வருடம் இரண்டு இன்ஜெக்டர் மாற்றினேன்.

மலைவண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேயும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விடுங்கள். இஞ்சின் உடனே அணைய வேண்டும்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பழைய சாக்கு ஒன்று கொண்டுபோங்கள். சேஸில் புது வெல்டிங், ஒரு இடத்தில் மட்டும் புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட், ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் துரு, இவை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சேஸ் வளைந்த வண்டி பிறகு நேராகவே ஓடாது. கியர்ப்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கினால், அதன் முனையில் உள்ள கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். அது சின்னச் செலவுதான், அதற்காக நல்ல வண்டியை விடவேண்டாம். சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து மண்கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகைக்கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியையும் கேளுங்கள். வீடு, கடை என்று சின்னத் தூரமே ஓடிய வண்டியில் அது எரிந்து சுத்தமாக நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

பேப்பர் விஷயம்: ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரை வண்டியில் பொறித்த நம்பரோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கடன், அபராதம், எஃப்.சி. (தகுதிச் சான்று) பாருங்கள். டெல்லிப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. அந்தப் பக்கத்து வண்டிகள் மலிவாகக் காதில் விழும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, சாலைவரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

முதல் வருடம் ஹப், கிளட்ச், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய் செலவு. அதற்குப் பிறகு இந்த வண்டி என்னை ஒரு நாளும் வழியில் நிறுத்தவில்லை. மலையில் லிட்டருக்கு 10, கீழே 13 கிலோமீட்டர் தருகிறது. வாங்கும்போதே விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் அந்த வருடம் கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

போன மாதம் தங்கை வீட்டுக்காரருக்கு வண்டி பார்க்கக் கம்பம் போனோம். பம்பர் நசுங்கியிருந்தது, சீட் கிழிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு முகமே மாறிவிட்டது. நான் உள்ளே உட்கார்ந்து சின்ன லிவரை இரண்டு விரலால் தள்ளினேன், விழுந்தது. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம், முன்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். சீட் தைக்கக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் இரண்டு ஆக்சிலிலும் ஆயில் மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார்.