நாலு கால் டிராகனா, இரண்டு கால் டிராகனா?

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிராகன் வரைகிறேன். முறையாகப் படித்ததில்லை. பென்சில், ஏ4 தாள், கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான். வரைய உட்கார்ந்ததுமே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: நாலு கால் வைத்து முதுகில் தனியாக இரண்டு இறக்கை வைப்பதா, அல்லது பின்னங்கால் இரண்டை மட்டும் வைத்து முன்னங்காலையே இறக்கையாக்குவதா? இரண்டையும் வரைந்து பார்த்துவிட்டு நான் இரண்டு கால் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பெயர்ச் சண்டையை முதலில் ஒதுக்கிவிடலாம். பிரிட்டனின் மரபுச் சின்னங்களில் நாலு கால் இருந்தால்தான் டிராகன். இரண்டு கால் என்றால் வைவர்ன். வேல்ஸ் கொடியில் இருப்பதற்கு நாலு கால். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ வரைந்து, இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் டிராகனுக்கு இரண்டே கால்தான். எனக்கு அது போதும்.

கம்பீரத்தில் நாலு கால் டிராகன்தான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. புதையல் மேல் முன்னங்காலை நீட்டிப் பூனை மாதிரி படுத்திருப்பதை இரண்டு கால் டிராகனை வைத்து அவ்வளவு அழகாக வரைய முடியாது.

என் முதல் டிராகனும் நாலு கால்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு செதிலாக வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "செம", "சூப்பர்" என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கால்நடை மருத்துவம் படிக்கிறான். அவன் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இறக்கைய அடிக்கிற சதை எங்கண்ணா இருக்கு?" என்றான். நெருப்புக் கக்குகிற பிராணிக்குச் சதைக் கணக்கு கேட்கிறானே என்று எரிச்சல்தான் வந்தது.

அவன் கோழியை வைத்து விளக்கினான். கோழிக் கறியில் நெஞ்சுப் பகுதி என்று வாங்குகிறோமே, அதுதான் இறக்கையைக் கீழே அடிக்கும் சதை. நெஞ்சின் நடுவில் படகின் அடிப்பக்கம் போலத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் அது ஒட்டியிருக்கும். இறக்கையை மேலே தூக்குகிற முக்கியச் சதைகூட முதுகில் இல்லை, அதே நெஞ்சில்தான், உள்ளே தள்ளி இருக்கிறது. என் டிராகனிலோ நெஞ்சு முழுவதையும் முன்னங்கால்கள் பிடித்துக்கொண்டிருந்தன. இறக்கை, முதுகில் ஒட்டின காகிதப் பட்டம் மாதிரி நின்றது.

சரி, திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டாவது தோள்பட்டை வைத்தேன். நெஞ்சை ஆழமாக்கினேன். ஒரு நண்பர் இறக்கையைப் பின்னால் தள்ளு என்றார். இன்னொருவர் கழுத்துப் பக்கம் கொண்டு வா என்றார். யார் சொல்வது சரி? பார்த்துச் சொல்ல எந்தப் பிராணியும் இல்லை. பறவை, வௌவால், டைனோசர் காலத்தில் பறந்து திரிந்து அழிந்துபோன ஊர்வனவான டெரோசார் என்று இறக்கை அடித்துப் பறந்த முதுகெலும்பிகள் மூன்று வகை. மூன்றுமே முன்னங்காலைத்தான் இறக்கையாக்கின. நாலு காலோடு தனியாக இறக்கையும் உள்ளதற்குக் கிட்டத்தில் வருவது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் பறக்கும் ஓணான். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு வாரம் அதையே வரைந்தேன். ஆனால் அதன் 'இறக்கை' நீண்ட விலா எலும்புகள் தாங்கும் தோல். மரத்துக்கு மரம் சறுக்கத்தான் உதவும், அடித்துப் பறக்க உதவாது.

இரண்டு கால் டிராகனுக்கு மாறியதும் விமர்சனம் கேட்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் படத்தில் இறக்கைக் கம்பிகளைக் குடை மாதிரி முழங்கையிலிருந்து பிரித்திருந்தேன். "கட்டைவிரல் எங்கண்ணா?" என்றான் தம்பி. பழந்தின்னி வௌவாலின் படத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் கொக்கி போலத் தனியே நிற்கிறது. மற்ற நாலு விரலும் நீண்டு சவ்வைத் தாங்குகின்றன. குடைக் கம்பி என்று நான் நினைத்தது விரல். அது மணிக்கட்டிலிருந்துதான் பிரிய வேண்டும். ஐந்தே நிமிடத்தில் தப்பு புரிந்துவிட்டது. இன்னொரு முறை, சவ்வு இடுப்போடு நிற்க வேண்டும் என்றான். அதே படத்தைக் காட்டினேன், சவ்வு பின்னங்கால் வரை போகிறது. "ஆமாண்ணா, நான்தான் தப்பு" என்று ஒத்துக்கொண்டான். நாலு கால் டிராகனை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பேச்சு முடிவுக்கு வந்ததே இல்லை.

தரையில் எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு டெரோசார் கை கொடுத்தது. அதன் இறக்கையைத் தாங்குவது நாலாவது விரல் ஒன்றுதான். மற்ற மூன்று சிறு விரல்களும் தரையில் ஊன்ற, இறக்கையை மடித்துக்கொண்டு நாலு காலில் நடந்தது. அந்தக் காலடித் தடங்கள் கல்லில் கிடைத்திருக்கின்றன. குவெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர், நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். டிராகனுக்கு இதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும்?

தலைக்கும் கழுத்துக்கும் இரண்டிலும் ஒரே வேலைதான். கற்பனைப் பிராணி நிஜம்போல் தெரிய நாயின் தலை, பூனையின் கண், ஆமையின் கழுத்து என்று நிஜப் பிராணிகளிலிருந்து எடுத்துச் சேர்க்கச் சொல்லி லியோனார்டோ டா வின்சி குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நான் உடும்பின் கழுத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முழுதாக முடித்த நாலு கால் டிராகன்கள் மூன்றுதான். குதிரை, மாடு என்று நிறைய வரைந்து கை பழகினவர்கள் அந்தத் தோளை என்னைவிட நன்றாகவே சமாளிக்கலாம். சித்திரக்கதைக்கோ குழந்தைகள் புத்தகத்துக்கோ நான் வரைந்ததில்லை. டிராகன் கையில் எதையாவது பிடிக்க வேண்டும் என்றால் நாலு கால்தான் வசதி என்று தோன்றுகிறது.

அந்த முதல் படம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. இறக்கை முதுகில் சேரும் இடத்தில் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. இரண்டு கால் டிராகனில் அடுத்த பிரச்சினை வால். இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறேன் என்றிருக்கிறான்.